ஆஸ்பத்திரிச் செலவை வீடு எப்படித் தாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்குப் பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. நாலாவது மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஒரு தனியார் மருத்துவமனையில் பைபாஸ் நடந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். பண விஷயத்தில்தான் நாங்கள் தப்புக்கு மேல் தப்புச் செய்தோம். எந்தப் பணத்தை முதலில் எடுப்பது, எதைக் கடைசி வரை தொடாமல் வைப்பது என்கிற வரிசை எங்களுக்குத் தெரியவில்லை. அதன் பிறகு சொந்தத்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் எனக்குப் போன் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழ்நாட்டில் எல்லாம் இலவசம் என்கிறார்களே, அப்புறம் ஏன் கையைக் கடிக்கிறது?

இலவசமாகக் கிடைப்பது நிறைய. ஆனால் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான். அதற்கு முன்னால் நாலு டாக்டரைப் பார்ப்பது, ஸ்கேன் எடுப்பது, அதற்குப் பின்னால் வருஷக்கணக்கில் மாத்திரை வாங்குவது எல்லாம் நம் பையிலிருந்து போகிறது. தேசிய சுகாதாரக் கணக்குப்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்த பங்கு 2014-15-இல் 62.6 சதவீதம். 2021-22-இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. நல்ல இறக்கம்தான். இருந்தாலும் நூறு ரூபாயில் நாற்பது ரூபாய் அப்போதும் நம்முடையதுதான்.

இதுபோக எந்தக் கணக்கிலும் ஏறாத செலவு ஒன்று உண்டு. துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, பஸ் கூலி, அவர் இழந்த நாள் சம்பளம். அப்பா படுத்திருந்த பதினொரு நாளில் டீ, டிபன், ஆட்டோவுக்கு மட்டும் ஒன்பதாயிரம் ஆனது. பில்லில் அது எங்கேயும் இல்லை.

திடீரென்று ஆஸ்பத்திரி என்றதும் முதல் வேலை என்ன?

உயிர் போகிற அவசரம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். பணக் கணக்கெல்லாம் அப்புறம்.

நோயாளி ஓரளவு நிலையாகி, "ஆபரேஷன் பண்ணணும், ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டுங்க" என்று கவுன்ட்டரில் சொல்லும் நேரம்தான் முக்கியம். அங்கே மூன்று கேள்வி கேளுங்கள். இன்றைக்கே செய்தாக வேண்டுமா, இரண்டு நாள் பொறுக்குமா? இந்த மருத்துவமனை, இந்த சிகிச்சைக்கு, முதலமைச்சர் காப்பீட்டில் இருக்கிறதா? மொத்தச் செலவுக்கு எழுத்தில் எஸ்டிமேட் தருவீர்களா?

நாங்கள் மூன்றையும் கேட்கவில்லை. சித்தப்பா ஏ.டி.எம். கார்டை நீட்டினார், மெஷின் 'டிக்' என்றது, அவ்வளவுதான். அட்வான்ஸ் கட்டிய பிறகு வேறு இடத்துக்கு மாற்ற மனசு வருவதில்லை. அந்த 'டிக்' சத்தத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் யோசிக்க வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை யாருக்குக் கிடைக்கும்?

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது இது. 2018-க்குப் பிறகு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்த்து நடத்தப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 72,000-ஆக இருந்தது. அப்போது "உங்களுக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி போய்க் கேட்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியைச் சேர்த்துவிட்டு ஓடிப் போய் அட்டை எடுத்த குடும்பங்களும் உண்டு. ஆனால் அந்த ஓட்டத்தில் வி.ஏ.ஓ. ஊரில் இல்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்று இரண்டு நாள் போய்விடும். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு திங்கட்கிழமை போய் எடுத்து வைத்துவிடுங்கள்.

அட்டை இருக்கிறது, ஆனால் மருத்துவமனையில் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, திட்டத்தில் உள்ள சிகிச்சை, அனுமதியும் வந்துவிட்டது என்றால் நீங்கள் பணம் கட்டத் தேவையில்லை. "இது பேக்கேஜில் வராது" என்றால் எது வராது என்று எழுதிக் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். இல்லையென்றால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

ஒரு விஷயம், பலர் கோட்டை விடுவது. நோயாளியைச் சேர்க்கும்போதே அட்டையைக் காட்டுங்கள். பில் கட்டி முடித்துவிட்டு வந்து நீட்டினால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க முடியாது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அட்டை இருந்தது, அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில். அப்பா டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜி.எச். போக பயமாக இருக்கிறதே?

பயம் புரிகிறது. கூட்டம், வராந்தாவில் பாய், "நாளைக்கு வாங்க" என்ற பதில், இதெல்லாம் உண்மைதான். ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே பயம் தேவையில்லை. பாம்புக்கடி, தீக்காயம், பிரசவச் சிக்கல், டயாலிசிஸ், காசநோய் போன்றவற்றுக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு இருக்கும் பழக்கம் பல தனியார் மருத்துவமனைகளுக்குக் கிடையாது. சென்னையில் ஓமந்தூரார் மருத்துவமனையும், 2023-இல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் பெரிய சிகிச்சைகளுக்கென்றே இருக்கும் அரசு மருத்துவமனைகள். நடுவழியாகவும் இடங்கள் உண்டு. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மதுரையில் 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இரண்டிலும் வசதி இல்லாதவர்களுக்குத் தனி வழி இருக்கிறது. போனதும் தயங்காமல் நிலைமையைச் சொல்ல வேண்டும்.

என் யோசனை, தனியாரில் நோய் இன்னதென்று தெரிந்துகொண்ட பிறகு அந்த ரிப்போர்ட்டோடு அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்பது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

காப்பீடு இல்லை, கைக்காசும் போதவில்லை. நகையா, நிலமா, வட்டிக்கா?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல், ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்கள். 2017-18-இல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், கிராமங்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு முக்கியமாகக் கைகொடுத்ததே கடன்தான். கடன் வாங்குவது தப்பில்லை, எந்தக் கடன் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு லட்சம் தேவை என்று வையுங்கள். வங்கியில் நகைக் கடன் என்றால் ஆண்டுக்கு 9, 10 சதவீதம் என்ற அளவில் வட்டி, அதாவது வருஷத்துக்குச் சுமார் இருபதாயிரம். அதே பணத்தை ஊரில் 'மூணு வட்டி'க்கு வாங்கினால் மாதம் ஆறாயிரம், வருஷத்துக்கு 72,000. அசல் அப்படியே நிற்கும். 'தண்டல்' இன்னும் ஏமாற்றும். பத்தாயிரம் என்று சொல்லி 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூறு நாளைக்கு 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினம் தினம் திரும்பிப் போவதால், ஆண்டு வட்டிக் கணக்கு போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே நான் சொல்லும் வரிசை இது. முதலில் காப்பீடு, அடுத்து வீட்டில் சும்மா கிடக்கும் சேமிப்பு, பி.எஃப். முன்பணம், வட்டி கேட்காத சொந்தக்காரர். அதற்குப் பிறகு வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ நகைக் கடன். தனியார் அடகுக் கடை அதற்கும் பின்னால். நிலத்தையும் ஆட்டையும் மாட்டையும் கடைசி வரை தொடாதீர்கள். சம்பாதித்துத் தருவதை விற்றுவிட்டால் கடனை அடைக்க எது இருக்கும்?

நகையை அடகு வைக்கலாம், அவசரத்தில் விற்க வேண்டாம். 2019-இல் அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலியை விற்றோம், பவுன் சுமார் 25,000 வீதம். இன்று அந்த 25,000-க்குக் கால் பவுன் கிடைத்தாலே பெரிது.

தினவட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று மிரட்டினால், தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. ஆட்சியரிடமும் காவல்துறையிலும் புகார் கொடுக்கலாம். வாங்கிய தொகை, கட்டிய தேதி எல்லாம் குறித்து வைத்திருந்தால் புகார் நிற்கும்.

மொய் விருந்து வைத்துச் சமாளிக்கலாமா?

வெளி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் கறி விருந்து போட்டு மொய் வாங்குவார்கள். இலட்சக்கணக்கில் சேரும், வட்டி கிடையாது. அதனால் ஆஸ்பத்திரிக் கடனை அடைக்க மொய் வைத்தவர்களும் உண்டு. ஆனால் அது அன்பளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நோட்டில் எழுதியிருக்கிறது. அவர்கள் வீட்டு முறை வரும்போது வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது. ஏற்கெனவே நீங்கள் பிறருக்குப் போட்ட மொய் நிறைய வெளியில் நிற்கிறது என்றால் வையுங்கள். புதிதாக இறங்குவதற்கு நோய் நல்ல காரணமில்லை.

சொந்தமாக மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம். இருந்தும் பாதிதான் வந்தது, ஏன்?

பெரும்பாலும் அறை வாடகைதான் காரணம். பல பாலிசிகளில் ஒரு நாள் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்று வரம்பு இருக்கும். மூன்று லட்சம் பாலிசி என்றால் நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் ஏ.சி. அறை எடுத்தால், கூடுதல் மூவாயிரத்தைத்தான் நாம் கட்ட வேண்டியிருக்கும் என்று நினைப்போம். அப்படியில்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்ற அறையோடு சேர்ந்த செலவுகளிலும் அதே விகிதத்தில், அதாவது பாதியைக் கழித்துவிடுவார்கள். அந்தச் செலவு 1,20,000 என்றால் 60,000 உங்கள் தலையில். மருந்து, ஸ்டென்ட் மாதிரி உள்ளே பொருத்தும் பொருள், பரிசோதனை, ஐ.சி.யூ. வாடகை இவற்றில் இப்படி விகிதம் போட்டுக் கழிக்கக் கூடாது. கழித்திருந்தால் கேளுங்கள்.

சேரும்போது பாலிசியை எடுத்து வாடகை வரம்பைப் பார்த்துவிட்டு அறை கேட்பது ஐந்து நிமிஷ வேலை. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்க்க வருவாங்க, நல்ல ரூமா எடு" என்று சொல்ல ஓர் அத்தை எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இன்னொரு காரணம், முன்பே இருந்த சுகர், பிரஷரைச் சொல்லாமல் பாலிசி எடுப்பது. ஏஜென்ட் "சொல்லாதீங்க சார், பிரீமியம் ஏறும்" என்பார். கிளைம் வரும்போது அவர் போன் எடுக்க மாட்டார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகளின்படி, பழைய நோய்க்குக் கிளைம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். சொல்லிவிட்டுக் காத்திருப்பதே பாதுகாப்பு. 65 வயது தாண்டியவர்களுக்குப் புதிதாகப் பாலிசி தர மறுக்கலாம் என்ற நிலையும் அந்த ஆண்டு மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

கிளைமை நிராகரித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இல்லை. எந்த விதியின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் நடுவரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பு தரலாம். கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும்.

இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். மருந்துக் கடை ரசீதுகள் வழவழப்பான தாளில் வரும், மூன்று மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாள் ஆகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பில்லைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? கௌரவக் குறைச்சலாக இருக்கிறதே.

கேட்கலாம். கேட்பவர்களுக்குத்தான் குறைகிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்தில், இனவாரியாகப் பில் பெறும் உரிமையும், மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வாங்குவது என்று நாமே தீர்மானிக்கும் உரிமையும் இருக்கின்றன. தினமும் சாயங்காலம் அன்றைக்கான இடைக்காலப் பில்லைக் கேட்டு வாங்குங்கள். அப்பா பில்லில் அவர் ஐ.சி.யூ.வை விட்டு வந்த பிறகும் ஒரு நாள் ஐ.சி.யூ. வாடகை ஏறியிருந்தது. கேட்டதும் எடுத்தார்கள். இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து விலை உச்சவரம்பு இருக்கிறது. லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை அப்போது முப்பதாயிரத்துக்குள் வந்தது. முழங்கால் மூட்டு மாற்று உறுப்புக்கும் அதே ஆண்டு வரம்பு வந்தது. பில்லில் இந்த வரியைத் தனியாகப் பாருங்கள்.

முழுப் பணம் கட்டும் வரை நோயாளியை, அல்லது இறந்தவரின் உடலை, விட மாட்டோம் என்றால்?

அப்படி வைத்திருக்கக் கூடாது. அதே பட்டயத்தில் இதுவும் உரிமையாக இருக்கிறது. பாக்கியை எழுதிக்கொடுத்துவிட்டு அழைத்துப் போகலாம். மறுத்தால் காவல்துறை, மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்.

சாலை விபத்து என்றால்?

தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் வரும், 2021 டிசம்பரிலிருந்து. அட்டை வேண்டாம், வருமான வரம்பு கிடையாது, வெளி மாநிலத்தவருக்கும் உண்டு. மருத்துவமனை திட்டத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆபரேஷன் செலவு ஒருமுறையோடு முடிந்தது. மாதாமாதம் மாத்திரைதான் உறிஞ்சுகிறது. வழி உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் ஒரு குடும்பம் மெல்ல இறங்குவது இந்த ஓட்டையில்தான். அப்பாவுக்கு டிஸ்சார்ஜ் ஆகும்போது எழுதிக் கொடுத்த மாத்திரைகளுக்கு மாதம் 2,800 ஆனது. வருஷத்துக்கு 33,600, ஐந்து வருஷத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இரண்டாவது வருஷம் அப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்திருந்தார், எங்களிடம் சொல்லாமல். அட்டையில் மாத்திரை மிச்சம் இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கேட்டால், "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குத் தண்டச் செலவு?" என்றார்.

டாக்டரிடம் போய், "சார், கம்பெனிப் பேர் இல்லாம மருந்துப் பேர் எழுதித் தாங்க" என்று கேட்டோம். முகம் சுளிக்கவில்லை, எழுதிக் கொடுத்தார். மலிவு விலையில் மருந்து விற்கும் மத்திய அரசுத் திட்டமான மக்கள் மருந்தகத்தில் அதே மருந்துகள் மாதம் 900-க்குள் வந்தன. 2025 பிப்ரவரியில் கூட்டுறவுத் துறை மூலம் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் திறந்திருக்கிறார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை இவற்றை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

சுகர், பிரஷர் மட்டும்தான் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, "கவர்ன்மென்ட் மாத்திரை கேட்காது" என்று சொல்லி அதை வாங்கி ஜன்னலில் அடுக்கி வைத்துவிட்டு, கடையில் காசு கொடுத்து வேறு வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து மருந்துப் பெயரைப் படித்துக் காட்டினேன். ஒரே பெயர். அப்புறம்தான் நம்பினார்.

கம்பெனி வேலைக்குப் போகிறேன். எனக்கு என்ன இருக்கிறது?

மாதச் சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கும். சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் பிடிக்கிறார்கள், ஆனால் மனைவி, பிள்ளைகளோடு உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. நீங்களே படுத்துவிட்டால் ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. பி.எஃப். இருந்தால் மருத்துவத்துக்கு முன்பணம் எடுக்கலாம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

வருமான வரியில் சலுகை உண்டா?

பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். 80டி என்று சொல்லிப் பழகிய கழிவில், பிரீமியத்துக்கு 25,000 வரை, மூத்த குடிமக்கள் என்றால் 50,000 வரை. காப்பீடு இல்லாத மூத்த பெற்றோரின் மருத்துவச் செலவையும் அந்த 50,000-க்குள் காட்டலாம், ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது.

செலவை நோயாளியிடம் சொல்லலாமா, மறைக்கலாமா?

மறைப்பதுதான் நம் பழக்கம். நாங்களும் மறைத்தோம். மொத்தம் எவ்வளவு ஆனது, சங்கிலி எங்கே போனது, எதையும் அப்பாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, கஞ்சி கொண்டுவந்து வைத்த அம்மாவைப் பார்த்து, "கழுத்து ஏன் வெறும் மஞ்சக்கயிறா இருக்கு?" என்று கேட்டார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பரணில் இருக்கும் தகரப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். பழைய பத்திரங்களுக்கு நடுவில் ஒரு தபால் ஆபீஸ் பாஸ்புத்தகம் இருந்தது, தங்கச்சி கல்யாணத்துக்கென்று போட்டது. 1,40,000 ரூபாய். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றார்.